கால் சூடும் தைலமும்

போன மாதம் ஜெயந்தி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற அன்று காய்ச்சல் வார்டின் சாவிக்கொத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டவள் அவள். வார்டில் இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். பழைய சார்ட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கிப் பிரித்தபோது ஒரு தாளைப் பார்த்து எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்களாம்.

"யக்கா, உங்க கையெழுத்துதான். 'பார்த்தவர்'னு இருக்கிற கட்டத்துல அமலின்னு எழுதியிருக்கு. அமலின்னு ஒரு ஸ்டாஃப் நம்ம வார்டுல எப்ப இருந்தா? கீழ பெரிய டாக்டர் கையெழுத்து வேற இருக்கு. இங்க பிள்ளைகள்லாம் கேக்குதாவ."

"போன்ல சொல்லுத கதை இல்லளா அது" என்றேன்.

"அப்ப எழுதித் தாங்க" என்று வைத்துவிட்டாள். முப்பத்திரண்டு வருஷம் சார்ட் எழுதியவளுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்து உட்கார்ந்தேன். மூன்று நாளாகியும் ஒரு பக்கம் தாண்டவில்லை. சார்ட்டில் அடுத்தவர் உடம்பைப் பற்றி எழுதினால் போதும். இதில் என் யோக்கியதையையும் அல்லவா எழுதவேண்டியிருக்கிறது.

நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரி. அப்பாவுக்கு வாழைத்தோட்டத்தில் கூலி வேலை. நான் நர்ஸுக்குப் படித்ததும், பயிற்சி எடுத்ததும், நாலு ஊர் மாறியதும் சொல்லுகிற அளவுக்கு விசேஷமில்லை. ஊசி போடக் கற்றுக்கொண்டேன், நீவிவிட்டாற்போலப் படுக்கை விரிக்கக் கற்றுக்கொண்டேன், வாயை மூடிக்கொண்டிருக்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் திருநெல்வேலியில் ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஆஸ்பத்திரியின் காய்ச்சல் வார்டுக்கு வந்து சேர்ந்தேன். ஆஸ்பத்திரியின் பேர் இங்கே வேண்டாம்.

அங்கே பெரிய டாக்டராக இருந்தவர் சங்கரலிங்கம் ஐயா. பழைய பண்ணையார் குடும்பம். "நிலமெல்லாம் எங்க தாத்தா தின்னுட்டாரு, எனக்குப் படிப்பைத்தான் விட்டுவச்சாரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் மூடி தொலைந்துபோன பேனா, அதற்குக் கீழே எப்போதும் ஒரு மைக்கறை. கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். நாங்கள் அவர் சத்தமாகப் பேசினால் நிம்மதியாக இருப்போம்.

நான் வந்த வருஷமே எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து முத்துலட்சுமி என்று ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். வாழை இலை அறுக்கப் போகிறவள். ஐந்து நாள் டெங்குக் காய்ச்சல், ஐந்தாம் நாள் விட்டது. எங்கள் பக்கம் காய்ச்சல் விட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். ஊற்றி, கஞ்சி கொடுத்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். மறுநாள் மத்தியானம் ஆட்டோவிலிருந்து இறக்கும்போது நாடி இல்லை. அவள் புருஷன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "காய்ச்சல்தான் விட்டுட்டே சிஸ்டர், காய்ச்சல்தான் விட்டுட்டே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். நான் அன்றைக்கு அழுத அழுகையை என் அப்பா இறந்தபோதுகூட அழவில்லை.

அன்று சாயங்காலம் டாக்டர் எங்கள் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார். இந்தக் காய்ச்சலில் சூடு தணிகிற அன்றைக்குத்தான் ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கும். ரத்தத்திலுள்ள நீர் குழாய்க்கு வெளியே போய்விடும், மிச்சம் இருப்பது கெட்டியாகி ஓட்டம் குறையும். அப்போது உடம்பு இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இருதயத்துக்கும் ஒதுக்கிவிட்டு, கை காலைக் கைவிட்டுவிடும். ஆள் தெளிவாகப் பேசுவான், சிரிப்பான், ஊர் நியாயம் கேட்பான். கால் மட்டும் சில்லிட்டிருக்கும். "அவன் மூஞ்சி பொய் சொல்லும்வே. காலு சொல்லாது" என்றார்.

கால் பொய் சொல்லாது என்று அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். அந்த வினைதான் பின்னால் வந்தது.

அவர் நோயாளியைப் பார்க்கிற விதத்தைச் சொல்லவேண்டும். எல்லா டாக்டரும் தலைமாட்டில் போய் நிற்பார்கள், இவர் நேரே கால்மாட்டுக்குப் போவார். முதலில் தன் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்து, கை சில்லென்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். பிறகு நோயாளியின் பெருவிரலைப் பிடித்து, பாதம், கணுக்கால், கெண்டைக்கால் என்று பைய மேலே கொண்டுபோவார். குளிர்ச்சி முடிந்து சூடு ஆரம்பிக்கிற இடத்தில் கை நிற்கும். அதற்கு அவர் வைத்த பேர் எல்லை. எல்லை மேலே ஏறினால் ஆபத்து, கீழே இறங்கினால் ஆள் பிழைத்துக்கொள்வான். அடுத்து கைவிரல் நகத்தை அழுத்தி விடுவார். வெளுத்த நகம் 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணுவதற்குள் சிவக்கவேண்டும். பிறகு பிரஷர். மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒன்றையொன்று நெருங்கினால் உடனே முகம் மாறிவிடும். கடைசியில், மூத்திரம் போனானா, எவ்வளவு போனான்.

கூட வந்தவர்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கையே கிடையாது. அவர்களுக்கு வேண்டியது ரத்தத்தின் தட்டணு எண்ணிக்கை, பிளேட்லெட் என்கிறார்களே, அது. பிள்ளையின் பரீட்சை மார்க்கைக் கேட்பது மாதிரி, "இன்னைக்கு எவ்வளவு சிஸ்டர்?" என்று கேட்டு, அடுத்த கட்டில்காரரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒருவர் பப்பாளி இலைச் சாறு, ஒருவர் நிலவேம்புக் கஷாயம். டாக்டர் எதையும் திட்டமாட்டார். "கஷாயத்தைக் குடிச்சானா? சரி. மூத்திரம் போனானா? அதைச் சொல்லு" என்பார்.

காலைத் தொடுவதில் எத்தனை தகராறு. டவுனில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி, டாக்டரைவிட நாலைந்து வயது சின்னவர், டாக்டர் காலைத் தொட்டதும் பதறிப்போய் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஐயா, பெரியவுக நீங்க என் காலைத் தொட்டா என் ஆயுசு கொறஞ்சிரும்."

"தொடலேன்னா இன்னைக்கே கொறஞ்சிரும்வே அண்ணாச்சி. நீட்டும் காலை."

அண்ணாச்சி நீட்டினார். ஆனால் டாக்டர் தொடுகிற நேரமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டபடியே கிடந்தார். பிழைத்துப் போன பிறகு வருஷா வருஷம் பொங்கலுக்கு எங்கள் வார்டுக்கு ஒரு பை வெல்லம் வரும்.

சார்ட்டில் 'எல்லை', 'பார்த்தவர்' என்று இரண்டு கட்டத்தை டாக்டர்தான் பேனாவால் கோடு போட்டுச் சேர்த்தார். பிறகு அச்சிலேயே வந்துவிட்டது. "தொட்ட ஆளுதான் பேர் எழுதணும். அடுத்தவ சொல்லக் கேட்டு எழுதினா அது வதந்தி" என்பார். அவர் என் எழுத்தை நம்பினார். "தங்கம் எழுதினா நான் தொட்ட மாதிரி" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் உவரியிலிருந்து சேவியர் என்று ஒருவரைச் சேர்த்தார்கள். கடலுக்குப் போகிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். வலை இழுத்து இழுத்துத் தோள் இரண்டும் இறுகிப்போயிருந்தது. கூட மனைவி புஷ்பம். வாந்தி நிற்கவில்லை என்று உள்ளூர் டாக்டர் ரத்தம் பார்த்து அனுப்பியிருந்தார். வரும்போது காய்ச்சல் இல்லை. "காய்ச்சல் எப்பம்மா விட்டுது?" என்று கேட்டதற்கு, "செவ்வாக்கெழமையே விட்டுட்டு சிஸ்டர்" என்றாள் புஷ்பம். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் தாண்டி, கால் சூடாக இருந்து, மூத்திரமும் ஒழுங்காகப் போனால் வீட்டுக்கு விடலாம் என்பது டாக்டரின் கணக்கு. வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கணக்குப்படி அவர் கண்டம் தாண்டியவர்.

அன்று பார்த்துக் காலையிலேயே பன்னிரண்டு பேர் புதிதாக வந்து சேர்ந்தார்கள். கட்டில் போதாமல் தரையில் பாய். புஷ்பம் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

"சிஸ்டர், ஞாயித்துக்கெழமை எம் மவளுக்குப் புதுநன்மை. கோயில்ல சாமியார் கையால மொத மொதல்ல நன்மை அப்பம் வாங்கப்போறா. அவ அப்பா இல்லாம எப்பிடி சிஸ்டர்? இன்னைக்கு விட்டுருவாவளா?"

"பாத்துட்டுத்தான் சொல்ல முடியும். நகரு."

பத்து மணிக்குப் போய்க் காலைத் தொட்டேன். பாதம் நல்ல சூடு. பெருவிரல்கூட வெதுவெதுவென்று இருந்தது. தைல வாசனை அடித்தது. அந்த வார்டில் யார்மேல்தான் தைல வாசனை இல்லை என்று விட்டுவிட்டேன். மூத்திரம்? "ரெண்டு வாட்டி போனேன் சிஸ்டர்" என்றார் சேவியர், சிரித்துக்கொண்டே. நகத்தை அழுத்திப் பார்க்கவில்லை. பிரஷர் எட்டு மணிக்குப் பார்த்தது சரியாகத்தானே இருந்தது என்று மறுபடி பார்க்கவில்லை. நாலு காரியத்தில் ஒன்றை மட்டும் கையால் செய்து, ஒன்றை வாயால் கேட்டுவிட்டு, 'பாதம் சூடு, தங்கம்' என்று எழுதினேன். டாக்டர் வெளிநோயாளிகள் பிரிவில் நெரிசலில் இருந்தார். சார்ட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். என் பேரைப் பார்த்தார், வீட்டுக்கு அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

பதினோரு மணிக்கு அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். நான் வாசலில் மாத்திரைச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு எட்டு வைத்திருப்பார், வலது கால் செருப்பு வழுக்கிக் கழன்றது. மாட்டினார். மறுபடி கழன்றது. மூன்றாம் முறை குனிந்து மாட்டப் போனவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பாதத்தைப் பார்த்தேன், எண்ணெய் வழிந்து பளபளவென்று இருந்தது.

"என்னது கால்ல?"

"தைலம் சிஸ்டர்" என்றாள் புஷ்பம். அவள் உள்ளங்கை இரண்டும் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

சேவியரின் கையைப் பிடித்தேன். தண்ணீரில் ஊறிய மீன் மாதிரி, ஈரமும் குளிர்ச்சியும். நகத்தை அழுத்தி விட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அதற்கப்புறம்தான் சிவந்தது. வழியில் உட்காரவைத்துப் பிரஷர் பார்த்தால் மேலே தொண்ணூறு, கீழே எழுபத்தாறு. அந்த மனிதர் அப்போதும் தெளிவாகப் பேசுகிறார்: "ஒண்ணுமில்ல சிஸ்டர், பஸ்ஸுக்கு நேரமாச்சி."

கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காலில் இருந்த தைலத்தைத் துடைத்துவிட்டுப் பத்து நிமிஷம் கழித்துத் தொட்டால், சூடு பறந்துவிட்டது. எல்லை முழங்காலில் இருந்தது.

இரண்டு கையிலும் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது புஷ்பம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு வாழைக்காய் வியாபாரி ஒரு வாரமாகத் தம்பிக்குத் துணையாக இருந்தார். அவர்தான் முந்தின நாள் அவள் நுழையும்போதே வாசலில் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்: "பெரிய டாக்டர் மூணு காரியந்தான் பாப்பாரு. காய்ச்சல் விட்டு ரெண்டு நாளு ஆவணும், மூத்திரம் போயிருக்கணும், கால் சூடா இருக்கணும். மூணும் இருந்தா விட்டுருவாரு." எங்கள் கேள்வித்தாள் வெளியாகிவிட்டது, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

"காய்ச்சல் நேத்துக் காலையிலதான் விட்டுச்சு சிஸ்டர். மூத்திரம் நேத்து மத்தியானத்துல இருந்தே போகல. வயிறு வலிக்குன்னாவ. நாந்தான் சொல்லாதீயன்னு சொன்னேன். காலு சில்லுன்னு இருந்துச்சி, விடிஞ்சதுல இருந்து தேச்சேன். எம் மவளுக்காவத்தான் சிஸ்டர். எங் கையாலயே அவியளக் கொன்னுட்டேனா?"

அவளை அறையலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல், "அந்தப் பக்கம் உட்காரு. இனிமே அவர் காலைத் தொடாதே" என்றேன்.

டாக்டர் வந்தார். தன் கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், கால்மாட்டுக்குப் போனார், பெருவிரலிலிருந்து முழங்கால்வரை போனார். பிறகு தன் விரலை மோந்து பார்த்தார். ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தது. ரத்தத்தின் கெட்டியளவு நாற்பதில் இருக்கவேண்டியது ஐம்பத்திரண்டில் நின்றது.

"காலைல யாரு பாத்தது?" குரல் இறங்கிவிட்டது.

"நான்தான்யா."

சார்ட்டை எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நானும் தொடாமத்தானே கையெழுத்துப் போட்டேன்" என்றார். "சரி. அரைமணிக்கு ஒருக்கா எல்லை எங்க இருக்குன்னு நீதான் எனக்குச் சொல்லணும். வேற யாரும் தொடக்கூடாது."

இரண்டு மணியோடு என் ட்யூட்டி முடிந்தது, நான் போகவில்லை. டாக்டரும் வெளிநோயாளிகளை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு ஸ்டூலைப் போட்டு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ட்ரிப்ஸைக் குறைவாக விட்டால் ரத்த ஓட்டம் போய்விடும், கூடுதலாக விட்டால் கசிந்த நீர் நெஞ்சில் கோத்து மூச்சு முட்டும். சொட்டுகளை எண்ணி, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, மறுபடி எண்ணினார். இரண்டு மணிக்கு எல்லை முழங்காலுக்கு மேலே ஏறியது. சேவியருக்குப் பேச்சு குறைந்தது, கையைக் காலை உதறி அலைமோத ஆரம்பித்தார். அவர் பேசாதது எனக்குப் பயமாக இருந்தது. முத்துலட்சுமியின் புருஷன் பிடித்த முந்தானை ஞாபகம் வந்தது. ஸ்ரீவைகுண்டத்துப் பெருமாளையும் உவரி அந்தோணியாரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். இருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

மூன்று மணிக்கு முழங்கால். மூன்றரைக்கும் முழங்கால். நாலு மணிக்குக் கெண்டைக்கால் நடுவில் கை நின்றது. என் கையை நானே நம்பவில்லை. கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு மறுபடி தொட்டேன்.

"எறங்குதுய்யா" என்றேன்.

"மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். "ஆஸ்பத்திரி வாசனைதான்யா."

ஐந்தரைக்குக் கணுக்கால். ஆறு மணிக்குக் கொஞ்சமாக மூத்திரம் போனது, கறுத்த நிறத்தில். அந்தப் பாட்டிலை டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பார்வையை என்னால் மறக்கமுடியாது. அப்புறம்தான் எழுந்துபோய் ஒரு காப்பி குடித்தார்.

அவர் போவதற்கு முன்னால் சார்ட்டை நீட்டி, "காலைல பத்து மணிக்கு நான் எழுதினதை அடிச்சிரட்டுமாய்யா?" என்று கேட்டேன்.

"எதுக்கு அடிக்க? நீ தொட்டது நெசம், சூடா இருந்ததும் நெசம். அது அப்படியே கெடக்கட்டும்."

மறுநாள் முதல் எங்கள் வார்டில் காலைத் தொடுவதற்கு முன்னால் மோந்து பார்ப்பது முறையானது. புதிதாக வந்த பிள்ளைகள் சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று விட்டேன். கை நகத்தைப் பார்க்காமல் யாரும் எல்லை எழுதக்கூடாது என்று நானே சட்டம் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சேவியருக்கு உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்தது. சிவந்த தோலில் திட்டுத்திட்டாக வெள்ளை. இந்தக் காய்ச்சல்காரன் சொறிந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம், கசிந்த நீர் குழாய்க்குத் திரும்புகிறது என்று அர்த்தம். அவரோ மீன் குழம்பு கேட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். "பசிக்கிறவன் சாகமாட்டான்" என்று டாக்டர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். புஷ்பம் மட்டும் கட்டிலுக்கு இரண்டடி தள்ளியே நின்றாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் புருஷனைத் தொடவே இல்லை.

மத்தியானம் உவரியிலிருந்து ஒரு வேனில் அவர்கள் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். முன்னால் எட்டு, ஒன்பது வயதில் ஒரு பெண் குழந்தை. வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் பாதி எரிந்த மெழுகுவத்தி. கோயிலில் நன்மை வாங்கிவிட்டு உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருக்கிறது. வார்டே எழுந்து உட்கார்ந்து பார்த்தது. குழந்தை நேரே கட்டிலுக்கு வந்து, ஆசீர்வாதம் வாங்குவதற்காகக் குனிந்து அப்பாவின் இரண்டு பாதத்தையும் தொட்டது.

புஷ்பம் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். டாக்டர் அடுத்த கட்டிலில் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"அப்பா காலு எப்பிடிம்மா இருக்கு?"

குழந்தை யோசித்தது. "வெதுவெதுன்னு இருக்கு தாத்தா."

"சில்லுன்னு எங்கயாவது இருக்கா? பைய மேல தொட்டுக்கிட்டே போ."

அது பெருவிரலிலிருந்து முழங்கால்வரை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தது. "எங்கயும் இல்ல."

"கையை மோந்து பாரு. என்ன வாசம் வருது?"

"மெழுகுவத்தி வாசம்."

வாழைக்காய் வியாபாரிதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தோம். புஷ்பம் சிரித்துக்கொண்டே அழுதாள். வந்து, கொஞ்சம் தயங்கி, புருஷன் பாதத்தின்மேல் ஒரு கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"எழுது" என்றார் டாக்டர் என்னைப் பார்த்து.

நேரம் எழுதினேன். எல்லை இல்லை என்று எழுதினேன். பழக்கதோஷத்தில் என் பேரின் முதல் எழுத்தைப் போடப் போனேன்.

"நீயா தொட்ட?"

"இல்லைய்யா."

"பெறவு?"

குழந்தையிடம் பேரைக் கேட்டு எழுதினேன். டாக்டர் மூடியில்லாத அந்தப் பேனாவை எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டார்.

ஆகையால் ஜெயந்தி, கட்டத்தில் இருக்கிற பேர் சரியான பேர்தான். மாற்றாமல் அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்று. அதே சார்ட்டில் இரண்டு பக்கம் முன்னால் தள்ளிப் பார், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எதிரே 'பாதம் சூடு, தங்கம்' என்று இருக்கும். அதையும் ஏற்று.